ரெண்டேகால் தரம்

உலகத்தில் இருக்கிற எதையும், இல்லாத எதையும், நாலு பேர் கூடி நின்றால் போதும், ஏலத்தில் விற்றுவிடக்கூடிய ஒரே மனிதர் எங்கள் ஏலநானாதான். கற்பிட்டிக் கரையில் இதை மறுத்துப் பேச ஆளில்லை. மறுக்கலாம் என்று வாயைத் திறந்தால் அதற்கும் "ஒரு தரம்!" என்று தொடங்கிவிடுவார். கடைசியில் மறுப்பு உங்கள் தலையில் விழும். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

உம்மா வாப்பா வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருக்கிறது. அதை அவரும் வேறு யாரும் பாவித்ததாகத் தெரியவில்லை. பேரப்பிள்ளை வயதுக்காரருக்கும் அவர் ஏலநானா, அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் நானா, அதாவது அண்ணன்தான். விடிந்ததும் பள்ளிவாசல்துறையில் தோணிகள் வந்து சேரும். மீனைக் கூறு கூறாக மணலில் கொட்டுவார்கள். நடுவில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏலநானா நிற்பார். அந்தக் குரலைப் பற்றி என்ன சொல்ல? காற்று அந்தப் பக்கம் அடித்தால் உச்சமுனைத் தீவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறவருக்கும் இங்கே அறக்குளா மீன் என்ன விலைக்குப் போகிறதென்று தெரிந்துவிடும்.

மீனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருமுறை காய்ச்சலென்று டொக்டரிடம் போயிருக்கிறார்.

"எத்தன நாளாக் காய்ச்சல்?" என்று டொக்டர் கேட்டார்.

"ரெண்டு நாள்," என்றார் நானா.

"எங்க ரெண்டு? மூண்டு நாள் டொக்டர்," என்றார் பக்கத்தில் இருந்த அவர் மனைவி.

அவ்வளவுதான். காய்ச்சல்காரர் கதிரையைவிட்டு எழும்பிவிட்டார். "மூண்டு! மூண்டு கேட்டிருக்கு! மூண்டுக்கு மேல யாரு?" கதவுக்கு வெளியே வரிசையில் நின்ற எவனோ ஒரு மீன் வியாபாரி, பழக்கத்தில் "நாலு!" என்று விட்டான். நாலு நாள் காய்ச்சலென்றால் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று டொக்டர் ஊசியை எடுத்தபோதுதான், தான் விற்றது எதை, வாங்கியது எதை என்று நானாவுக்கு விளங்கியது.

கலியாண வீட்டில் கடைசித் தட்டு வட்டிலப்பத்தை ஏலத்தில் விட்டு, அது மாப்பிள்ளையின் வாப்பாவுக்கே விழுந்து, பெண் வீட்டார் முகம் சுளித்த கதையும் உண்டு. அதை இப்போது சொன்னால் இரண்டு வீட்டாரும் மறுபடியும் கதைப்பதை நிறுத்திவிடுவார்கள்.

அவருடைய மோட்டார் சைக்கிள் போனதும் இப்படித்தான். தேத்தண்ணிக் கடை வாசலில் ஒருவன் பகிடிக்கு, "நானா, இந்த ஓட்ட வண்டிய யாரு நானா வாங்குவான்?" என்று கேட்டிருக்கிறான். நானாவின் வாய் தொடங்கிவிட்டது. கடையில் இருந்தவர்கள் சிரித்துச் சிரித்து விலையை ஏற்றினார்கள். மூன்றாம் தரம் சொல்லித் தொடையில் தட்டிய பிறகுதான், சாவி தன் மடியில் கிடப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. வாங்கியவனே பாவம் பார்த்தான்.

"சும்மா வெளாட்டுக்குத்தானே நானா, வெச்சிக்கோங்க."

"மூண்டு சொல்லியாச்சு தம்பி," என்று சாவியை நீட்டினார். "மூண்டு சொன்ன மீனு கடலுக்குத் திரும்பிப் போறல்ல."

இந்த மூன்றாம் தரத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு தரம், இரண்டு தரம் என்பதையெல்லாம் மூச்சு விடுகிற மாதிரிச் சொல்லிவிடுவார். மூன்றை மட்டும் ஆள் பார்த்துத்தான் சொல்வார். ஒருநாள் ஒரு பெண், கணவன் நோயில் கிடக்க, தம்பியைக் கடலுக்கு அனுப்பி வந்த அரைக் கூடை சூடை மீனை மணலில் கொட்டிவிட்டு ஓரமாக நின்றாள். வியாபாரிகள் சொல்லி வைத்த மாதிரி வாயை மூடிக்கொண்டார்கள். யாரும் ஏற்றாவிட்டால் சும்மா விலைக்கு அள்ளிக்கொண்டு போகலாம் அல்லவா? நானா எல்லோருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்றார். பிறகு சாரத்தை அவிழ்த்து ஆறுதலாக, அவசரமே இல்லாமல், மறுபடி கட்டினார். "ரெண்டேகால் தரம்..." ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். "ரெண்டரைத் தரம்..."

"நானா, மூண்டு எங்க நானா?" என்று ஒரு வியாபாரி கத்தினார்.

"வருது, வருது. பாலாவிச் சந்தியில பஸ்ஸுக்கு நிக்கிது."

"ஐஸ் உருகுது நானா!"

"உருகட்டும். ரெண்டே முக்கால் தரம்..."

பாலாவியிலிருந்து மூன்று வந்ததோ இல்லையோ, சிலாபத்து லொறி ஒன்று வந்து நின்றது. நிலைமை என்னவென்றே தெரியாமல் அந்த லொறிக்காரர் "ஹரி நானா, ஹரி!" என்று சிங்களத்தில் சரி சொல்லிக் கையைத் தூக்கினார். மற்றவர்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று சூடை போன விலைக்குப் பெரிய பாரையே வாங்கியிருக்கலாம். அதன்பிறகுதான் நானா தொடையில் தட்டி, "மூண்டு!" என்றார்.

சரி, பைக் போன பிறகு நானா என்ன செய்தார்? விடிய முன் ஐஸ் லொறியில் தொற்றிக்கொண்டு துறைக்குப் போவார். ஏலம் முடிந்து மாம்புரியில் உள்ள வீட்டுக்குத் திரும்பும்போது நான் ஓட்டுகிற வானில் ஏறுவார். அது உயர்தரப் பரீட்சைக் காலம். மாம்புரிப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுபோய்க் கற்பிட்டிப் பரீட்சை மண்டபத்தில் விட்டு, முடிந்ததும் திரும்பக் கூட்டி வருவது என் வேலை. வழியில் பள்ளிவாசல்துறை. வெறும் கூடையோடு நானா கை காட்டுவார். பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்சீட்டில் இடம் விடுவார்கள்.

வானில் வந்த பிள்ளைகளில் மூன்று பேரைச் சொன்னால் போதும். ஒருவன் 'புரொபசர்'. சோடாப் போத்தல் அடிபோல ஒரு கண்ணாடி. எதைச் சொன்னாலும் 'டெபினிட்டா' என்று தொடங்குவான். பிழையாக இருந்தாலும் டெபினிட்டாவாகத்தான் பிழை. அடுத்தது சஹ்லா. வானுக்கு ஹோர்ன் பழுதான காலத்தில் அவளை முன்சீட்டில் வைத்துக்கொண்டு போனால் போதும் என்றிருந்தது. மூன்றாவது றிஸ்னா. சத்தமே இல்லாத பிள்ளை. எப்போதும் ஜன்னலோரம். வெளியே பார்த்துக்கொண்டே வருவாள். கடலையோ தென்னந்தோப்பையோ பார்க்க மாட்டாள். ஆட்டைப் பார்ப்பாள். "நானா, அந்த வெள்ளாட்டுக்கு வாய்ப்புண். சொந்தக்காரர் ஆருண்டு தெரியுமா?" என்று என்னிடம் கேட்பாள். ஒருநாள் ஒரு கழுதை நொண்டுகிறதென்று வானை நிற்பாட்டச் சொல்லி இறங்கி, அதன் குளம்பைத் தூக்கிப் பார்த்தவள். மிருக வைத்தியராக வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை.

ஆனால் அது அவளுக்கு மூன்றாம் தரம். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கொஞ்சப் புள்ளியில் கம்பஸ் வாசல்வரை போய்த் திரும்பியவள். உயர்தரம் மூன்று தரத்துக்கு மேல் எழுதவிட மாட்டார்கள். அதற்குப் பிறகு ஆட்டை ஜன்னலால் பார்க்கலாம். அவ்வளவுதான்.

அன்று உயிரியல் முதலாம் பத்திரம். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடை கொடுத்து, ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்கிற பேப்பர். எழுதிவிட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறீர்களா? பசியோடு இருக்கிற மனுசன்கூட அவ்வளவு அவசரப்பட மாட்டான். வானின் கதவைச் சாத்துவதற்குள் தொடங்கிவிட்டார்கள்.

"பதினாலாவதுக்கு என்ன போட்டீங்க?" என்றாள் சஹ்லா.

"ரெண்டு. டெபினிட்டா ரெண்டு," என்றான் புரொபசர்.

"எனக்கு மூண்டு வந்திச்சே!"

பதினாலுக்கு வருவதற்குள் வான் பள்ளிவாசல்துறையில் நின்று புறப்பட்டு, நானாவும் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்து, கூடையை முழங்காலுக்கு இடையில் வைத்திருந்தார். கண்ணைக்கூட மூடிவிட்டார். காதில் மூண்டு விழுந்ததும் மனிதர் தூக்கத்திலேயே எழும்பிவிட்டார்.

"மூண்டு! மூண்டு கேட்டிருக்கு! மூண்டுக்கு மேல யாரு?"

நடுச்சீட்டிலிருந்து ஒரு பெடியன், "நாலு!" என்றான்.

"நாலு! அந்த மகன் நாலு! நாலு ஒரு தரம்! என்ன, எல்லாரும் சும்மா நிக்கிறீங்க? நல்ல சரக்கு! நாலு ரெண்டு தரம்!"

"அஞ்சு!" என்று கத்தினான் புரொபசர்.

"அஞ்சுக்கு மேல?"

"அஞ்சுக்கு மேல இல்ல நானா, அஞ்சோட முடியுது," என்றாள் சஹ்லா.

"அஞ்சுக்கு மேல ஏறாத சரக்கா? என்ன யாவாரம்டா இது!" என்று நானா அலுத்துக்கொண்டு, "அஞ்சு மூண்டு தரம்!" என்று கூடையில் ஓங்கி அறைந்தார். சஹ்லா தன் வினாத்தாளின் ஓரத்தில் பதினாலுக்கு நேரே ஐந்து என்று எழுதினாள்.

இதைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். அந்த வானுக்குள் நீங்கள் இருந்திருக்க வேண்டும். நானா ஒரு தரம் என்று சொல்லிவிட்டால் இந்தக் கரையில் பிறந்தவனுக்குக் கை தானாக உயரும். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த சத்தம் அது. இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் இடையில், கைக்கு வந்தது தவறிப்போகிறதே என்று வாயும் தானாகக் கத்தும். தவளையின் இதயத்துக்கு எத்தனை அறை என்று ஒரு கேள்வி. மூன்று என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். நரக்கல்லி வருவதற்குள் தவளைக்கு ஐந்து அறை கட்டிக் கொடுத்தாயிற்று. "ஹோலும் குசினியும் வேற வெக்கலாம்," என்றார் நானா திருப்தியோடு. தாவரத்தில் ஏதோ ஒரு கேள்விக்கு, வான் ஓட்டிக்கொண்டிருந்த நான், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன், வளைவில் ஒரு கையைத் தூக்கி "அஞ்சு!" என்றேன். எனக்கே விழுந்தது. அன்று முழுக்க எனக்கு ஒரு பெருமை.

சஹ்லா அந்தத் தாளைப் படமெடுத்து, போனில் இருந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினாள். தலையங்கம்: 'கற்பிட்டி விடை'. நுரைச்சோலையைத் தாண்டுவதற்குள் புத்தளம் டவுனிலிருந்து என் மச்சான் போன் எடுத்தான். அவனுடைய மகன் கட்டிலில் குப்புறப் படுத்து அழுகிறானாம். கற்பிட்டி விடையோடு அவன் விடை ஒன்றும் பொருந்தவில்லையாம். அடுத்து, மச்சானிடம் என் நம்பரை வாங்கி, ஒரு டியூஷன் மாஸ்டர்.

"இது ஆரு செஞ்ச விடை? நல்ல ஆளுமாரித் தெரியுது. அவரோட கொஞ்சம் கதைக்கேலுமா?"

நான் போனைப் பின்னால் நீட்டினேன். மாஸ்டரின் குரல் வான் முழுக்கக் கேட்டது. "சேர், இருவத்தி ரெண்டுக்கு எப்பிடி அஞ்சு வந்திச்சு?"

"அதுவா மாஸ்டர்? போட்டி கடுமையா இருந்திச்சு," என்றார் நானா. "நாலுல விட மனசு வரல்ல."

"ம்... நானும் நாலா அஞ்சாண்டுதான் மண்டையப் போட்டு ஒடச்சேன்," என்று ஒப்புக்கொண்டு மாஸ்டர் போனை வைத்துவிட்டார்.

வானே சிரிப்பில் குலுங்கியது. ஒரு ஆளைத் தவிர. கண்ணாடியில் பார்த்தேன். றிஸ்னா அன்று ஜன்னலால் பார்க்கவில்லை. வினாத்தாளை மடியில் விரித்து, நானா கூடையில் அறைகிற ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வியைப் பிழையென்று சுழித்துக்கொண்டு வந்தாள். வழியில் ஆடுகள் நின்றன. அவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

மாம்புரிச் சந்தியில் இறங்கினாள். வானின் கதவைச் சாத்தாமல் என் பக்கம் வந்து நின்றாள்.

"வான்நானா, நாளைக்கு எனக்கு நிக்காதீங்க."

"ஏன் மகள்? நாளைக்கு ரெண்டாம் பேப்பரெல்லோ?"

"நான் வரல்ல. முதலாம் பேப்பரே போயிட்டு. இனி எழுதி என்னத்துக்கு?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். தன் வீட்டுக்குப் போகிற சின்ன ஒழுங்கைக்குள் திரும்பி நடந்துவிட்டாள்.

இறங்கிக்கொண்டிருந்த நானா கூடையோடு அப்படியே நின்றார். "அந்தப் புள்ளைக்கு என்ன?"

"அவட விடையெல்லாம் பிழ நானா," என்றாள் சஹ்லா. "நீங்க வித்ததோட ஒண்டும் ஒத்துப் போகல்ல."

"நான் வித்ததோடயா?" என்றார். பிறகு வாயைத் திறந்தார், மூடினார். ஏலநானாவின் வாய் சத்தமில்லாமல் திறந்து மூடியதை நான் கண்டது அன்றுதான். கரைக்கு வந்த பாரைமீன் மாதிரி இருந்தது.

மறுநாள் காலை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மாம்புரிச் சந்திக்கு வருகிறேன், நடுரோட்டில் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார். சுத்தமான சாரம். சட்டைக்கு இஸ்திரி. தலையில் தொப்பி. ஏலநானா! அந்த நேரத்தில் அவர் துறையில் நிற்க வேண்டும்.

"நானா, ஏலம்?"

"மீனு ஐஸில கிடக்கட்டும். அது மவுத்தாகித்தானே கிடக்குது, அதுக்கென்ன அவசரம்? ஒழுங்கைக்குள்ள எடு வான."

"பேப்பருக்கு நேரமாகுது நானா!" என்று புரொபசர் கத்தினான். நானா காதில் வாங்கவே இல்லை.

றிஸ்னாவின் வீட்டு வேலிக்கு முன்னால் வான் நின்றது. நானா இறங்கிக் கூப்பிட்டார். அவளுடைய உம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தார். இரவெல்லாம் தூங்காத கண்.

"அவ வரமாட்டாளாம் நானா. கதவப் பூட்டிக்கிட்டுக் கிடக்கா. நான் சொல்லிப் பாத்திட்டேன், கெஞ்சிப் பாத்திட்டேன். மூண்டாவது தரம் நானா. இதோட முடிஞ்சிது."

"மூண்டு எண்டு நான் இன்னும் சொல்லல்லயே," என்றார் நானா.

சொல்லிவிட்டு, வேலியைப் பிடித்துக்கொண்டு, துறையில் தொடங்குகிற மாதிரியே தொடங்கினார்.

"ஒரு தரம்!"

தென்னை மரத்தில் இருந்த காகமெல்லாம் எழும்பிப் பறந்தன. அக்கம்பக்கத்து வீடுகளில் கதவு திறந்தது. மீன் வந்துவிட்டதென்று நினைத்து ஒருவர் சட்டியோடு வந்தார். இன்னொரு பெண் பிளாஸ்டிக் பேசினையும் கத்தியையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன மீனு நானா?"

"மீனில்ல. புள்ள!"

"புள்ளயா விக்கிறீங்க?" என்று அந்தப் பெண் பேசினைக் கீழே போட்டார்.

"விக்கல்ல! எழுப்புறன்! ரெண்டு தரம்!" என்றார் நானா. பூட்டிய அறைப்பக்கம் பார்த்துக் குரலைக் கொஞ்சம் இறக்கினார். அவர் இறக்கினால் நமக்குச் சாதாரணக் கத்தல். "மகள்! றிஸ்னா மகள்! நீ நேத்து ஒண்டும் கேக்கல்ல, சும்மா இருந்த. அதான் ஒனக்கு ஒண்டும் விழல்ல. அதுக்காக ஒன்ட சரக்கு கூடாத சரக்கா?"

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "நானா, நான் போட்டது முழுக்க ரெண்டும் மூண்டும். எல்லாத்துக்கும் விடை அஞ்சாம். போங்க நானா!"

"பின்ன அஞ்சுதானே வரும்?" என்றார் நானா, உண்மையிலேயே விளங்காமல். "ரெண்டு கேட்டவனுக்கும் அஞ்சு கேட்டவனுக்கும் நடுவில நான் ஆருக்குக் குடுப்பேன்? கூடக் கேட்டவனுக்குத்தானே மகள்? முப்பது வருஷமா அப்பிடித்தானே விக்கிறேன்!"

வானுக்குள் சஹ்லா தன் பையிலிருந்து நேற்றைய வினாத்தாளை உருவினாள். ஓரத்தில் எழுதியதை மேலிருந்து கீழே படித்தாள். "அஞ்சு, அஞ்சு, அஞ்சு, நாலு, அஞ்சு, அஞ்சு... யா அல்லாஹ்!" மெதுவாகப் புரொபசர் பக்கம் திரும்பினாள். "டேய், பதினாலுக்கு நீதானே அஞ்சு சொன்ன? பேப்பர்ல என்ன போட்ட?"

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"சொல்லுடா!"

"ரெண்டு."

"அப்ப ஏன்டா அஞ்சு சொன்ன?"

"மத்தவன் நாலு சொன்னான்ல! விட்டுக் குடுக்கச் சொல்றியா?"

ஒவ்வொருவராக ஒப்புக்கொண்டார்கள். தவளைக்கு ஐந்து அறை வாங்கியவன் தாளில் போட்டிருந்தது மூன்று. வானுக்குள் இருந்த ஒருவருக்கும் தான் எழுதிய விடை தானே வாங்கிய விடையாக இருக்கவில்லை. எல்லோரும் தெரிந்த விடையைப் போட்டுவிட்டு வந்து, வரும் வழியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பிழையான விடையை ஏலத்தில் எடுத்திருக்கிறார்கள். புத்தளம் டவுனே அதைப் பார்த்து அழுதிருக்கிறது.

உள்ளே தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கதவு ஒரு விரல் அளவு திறந்தது. "தவளைக்கு மூண்டு அறை நானா," என்றாள் றிஸ்னா.

"எனக்கென்ன மகள் தெரியும்? நீதான் சொல்லணும். நேத்து நீ வாயத் தொறந்திருந்தா நான் அதுக்கு ஹோலும் குசினியும் கட்டியிருப்பேனா?"

அவள் சிரித்தாளா அழுதாளா என்று கதவிடுக்கில் தெரியவில்லை. "இன்னும் முகம் கழுவல்ல நானா. உடுப்பும் மாத்தல்ல. நேரம் காணாது."

"காணும்! நீ ஆறுதலா வா. ரெண்டேகால் தரம்!"

"நானா, பரீட்சைக் கேட்டப் பூட்டிடுவாங்க!" என்று புரொபசர் ஜன்னலால் பாதி உடம்பை வெளியே போட்டான். "மூண்டச் சொல்லுங்க, போவோம்!"

"மூண்டு பாலாவியில பஸ்ஸுக்கு நிக்கிது மகன். ரெண்டரைத் தரம்!"

சட்டியோடு வந்தவர் சட்டியால் தாளம் போடத் தொடங்கினார். பேசின்காரப் பெண் தண்ணீர் அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். றிஸ்னாவின் உம்மா ஒரு கையில் பாண் துண்டும் ஒரு கையில் சீப்புமாக எதை முதலில் கொடுப்பதென்று தெரியாமல் சுற்றினார். "ரெண்டே முக்கால்!" என்று நானா கத்தினார். "ரெண்டே முக்காலும் கொஞ்சமும்! ரெண்டே முக்காலும் இன்னும் கொஞ்சமும்!" மூன்றுக்கு முன்னால் இவ்வளவு இடம் இருக்கிறதென்று எனக்கு அன்றுவரை தெரியாது.

பர்தாவுக்குக் குத்துகிற ஊசியை வாயில் கடித்துக்கொண்டு, ஒரு காலில் சப்பாத்தும் ஒரு கையில் சப்பாத்துமாக றிஸ்னா ஓடி வந்து வானில் ஏறினாள். கூட்டம் கை தட்டியது. நானா மட்டும் தட்டவில்லை. தொடையில் தட்டினால் மூன்று என்றாகிவிடும் என்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அன்று நான் வான் ஓட்டியதை இங்கே விவரமாக எழுதுவது எனக்கு நல்லதல்ல. பொலிஸ்காரர்களும் இந்தப் பத்திரிகை வாசிக்கிறார்கள். கேட் பாதி சாத்தியிருந்தது. பிள்ளைகள் அந்தப் பாதியால் நுழைந்தார்கள். கடைசியாகப் போன றிஸ்னா திரும்பிப் பார்த்து, "நானா, பள்ளிவாசல்துறைச் சந்தியில ஒரு செம்மறி நிக்கிது. அதுக்குக் காதுல புழு. ஆருட்டயாவது சொல்லுங்க," என்றுவிட்டு ஓடினாள். வழியில் அந்த வேகத்தில் எனக்கு ரோட்டே தெரியவில்லை. இவளுக்குச் செம்மறியின் காது தெரிந்திருக்கிறது. அப்போதே எனக்கு நிம்மதி வந்துவிட்டது.

திரும்பி வரும்போது வானில் விடை கதைக்கக் கூடாதென்று சட்டம். சட்டம் போட்டது நானாதான். மூன்று பேர் சேர்ந்து எதையாவது எண்ணத் தொடங்கினாலே வாயைப் பொத்திக்கொண்டு, "என்னய வெச்சிக்கிட்டு எண்ணாதீங்க புள்ளயள். எனக்கு நோய் வந்திடும்," என்று கெஞ்சுவார்.

பெறுபேறு வந்தது. புரொபசர் டெபினிட்டாவாக அடுத்த வருஷமும் எழுதினான். சஹ்லா இப்போது டீச்சர். மைக் இல்லாமல். றிஸ்னாவுக்கு மலைநாட்டுப் பக்கம் கம்பஸ் கிடைத்தது, அவள் கேட்ட படிப்பே. அவள் போன அன்று மாம்புரிச் சந்தியில் பெட்டியோடு பஸ்ஸுக்கு நின்றாள். ஒழுங்கையில் உள்ளவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், சட்டிக்காரர் உட்பட.

"நானா, இப்பயாவது மூண்டச் சொல்லுங்களேன்," என்றார் அவளுடைய உம்மா.

"சொல்லமாட்டேன்," என்றார் நானா. "மூண்டு சொன்னா வாங்கினவனுக்குச் சொந்தமாப் போயிடும். புள்ள படிச்சிட்டு நம்மட ஆடு மாட்டுக்குத் திரும்பி வரணும்."

இப்போது ஏலம் கூறுவது அவருடைய மருமகன். நானாவுக்குத் தொண்டையில் ஏதோ வருத்தம், உரத்துப் பேசக் கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். எத்தனை நாளாக வருத்தம் என்று டொக்டர் கேட்டபோது, மனைவியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் பதில் சொன்னாராம். ஆனாலும் விடிந்தால் அவருக்குத் துறைக்குப் போக வேண்டும், மணலில் கூறு விழுவதைப் பார்க்க வேண்டும். என் வானின் முன்சீட்டில்தான் வருவார். மாம்புரிச் சந்தியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் ஏறிய பிறகு நான் கண்ணாடியில் பார்த்துக் கியரைப் போடுவேன். அவர் ஒழுங்கைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். யாராவது ஒரு பிள்ளை, தூரத்தில், ஒரு காலில் சப்பாத்தோடு ஓடி வந்துகொண்டிருக்கும். நானா பேச மாட்டார். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி, பக்கத்தில் சுண்டு விரலைப் பாதி மடித்து நீட்டுவார். நான் எஞ்சினை நிற்பாட்டிவிடுவேன்.